கொறங்காட்டுக்குள் ஒரு ஓட்டப் பந்தயம்

ட்ரெயில் ரேஸ் (காடு மேடு மண் தடங்களில் ஓடுகிற பந்தயம்) என்றதும் எல்லாருக்கும் ஏற்காடு, வால்பாறை, நீலகிரி என்றுதான் நினைப்பு போகிறது. நாங்கள் நடத்தியது காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையில், மழை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற மேட்டாங்காட்டில். ஒரு சுற்று 7 கிலோமீட்டர். அதோடு நிறுத்திக்கொள்ளலாம், தெம்பு இருந்தால் இரண்டாவது சுற்றும் போய் 14 ஆக்கிக்கொள்ளலாம். 60 பேருக்கு மேல் பெயர் சேர்ப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம், நிலத்துக்காரர்களிடம் கொடுத்த வாக்கு அது. வேறு ஊரில் யாராவது இதே மாதிரி செய்ய நினைத்தால் உதவட்டும் என்று நடந்ததை எழுதி வைக்கிறேன்.

பக்கத்திலேயே ஊதியூர் மலை இருக்கிறதே, அதில் ஏறி இறங்கினால் பந்தயம் களை கட்டுமே என்று சிலர் கேட்டார்கள். கட்டும்தான். ஆனால் வனத்துறை நிலத்தில் கூட்டம் சேர்த்து ஓட அனுமதி வேண்டும், அந்த அனுமதியும் வெறும் சம்பிரதாயத்துக்காகக் கேட்கப்படுவது கிடையாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள், அந்தக் குழுக்களில் நம் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். அதற்கப்புறம்தான் மலையேற்றத்துக்கு என்று தனி விதிகளே வந்தன. முதல் முறை நடத்துகிற நாங்கள் அங்கே போய்ப் பழகுவானேன்? மலையை விட்டுவிட்டுக் கீழே இறங்கினோம்.

கீழே இருப்பது கொறங்காடு. வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன்: உழுது விதைக்காத மேய்ச்சல் நிலம் இது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேலா மரம். காங்கேயம் மாடும் செம்மறியும் உள்ளே தாமாகவே மேயும், மேய்ப்பவர் பெரும்பாலும் நிற்க மாட்டார், வேலியே மேய்த்துக்கொள்ளும். ஒரு காட்டில் புல் தீர்ந்தால் அடுத்த காட்டுக்கு ஓட்டிவிடுவார்கள். ஒரு காட்டு வேலிக்கும் அடுத்த காட்டு வேலிக்கும் நடுவில் வண்டி போகிற அகலத்தில் வளைந்து வளைந்து போகிறதே, அதுதான் இட்டேரி. பொதுபொது என்று மணல், இரண்டு பக்கமும் நிழல், வண்டி வாகனம் கிடையாது, ஓடுவதற்கு இதைவிட நல்ல தடத்தைக் காசு போட்டாலும் செய்ய முடியாது. சிக்கல் என்னவென்றால் இட்டேரி மட்டும் பிடித்துக்கொண்டு போனால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வர முடியாது. ஒரு இட்டேரியிலிருந்து இன்னொன்றுக்குப் போக யாராவது ஒருவருடைய கொறங்காட்டைக் கடந்தே ஆக வேண்டும். வரைபடத்தில் கோடு இழுப்பது ஒரு சாயங்கால வேலை. அந்தக் கோடு கடக்கிற ஒவ்வொரு வேலிக்கும் ஆள் தேடிப் போய்ப் பேசுவதுதான் பந்தய வேலையில் முக்கால்வாசி.

முதலில் கூகுள் எர்த்தில் பார்த்துத் தடத்தைக் குறித்தோம். அப்புறம் வருவாய்த் துறையின் இணையதளத்தில் புல எண் கொடுத்துப் புலப்படம் (நில அளவை வரைபடம்) இறக்கி ஒத்துப் பார்த்தோம். இதைக் கட்டாயம் செய்யுங்கள். புலப்படத்தில் வண்டிப்பாதையாக இருப்பது தரையில் சோளக்காடாக இருக்கும். காலங்காலமாக வண்டி போய்க்கொண்டிருக்கிற தடம் படத்தில் யாருடைய பட்டாவுக்குள்ளோ இருக்கும். எந்தத் துண்டுக்கு யாரைக் கேட்க வேண்டும் என்பது அங்கேதான் தெளிகிறது. பங்காளித் தகராறு இருக்கிற நிலமாக இருந்தால் இரண்டு பேரிடமும் கேளுங்கள், அல்லது அந்தப் பக்கமே போகாதீர்கள். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம்.

நிலத்துக்காரர்கள் சொன்ன நிபந்தனைகளால்தான் இந்தத் தடம் நல்ல தடம் ஆனது. என்னைக் கேட்டால் அனுபவப்பட்ட பந்தய இயக்குநர் ஒருவரைக் கூட்டி வந்திருந்தாலும் இவ்வளவு தேறியிருக்காது. முதல் ஆள் ஒரு பெரியப்பா, பெரிய காடு அவருடையது. "ஓடறது ஓடுங்க கண்ணு, நான் வேண்டாங்கல. ஐப்பசி மழைக்கு வந்த புல்லு. அறுவது பேரு ஒரே தடத்துல ரெண்டு வாட்டி மிதிச்சா, அடுத்த மழை வரைக்கும் அந்த எடம் வெறுந்தரையாத்தான் கெடக்கும்" என்றார். நாங்கள் நடுக்காட்டில் நேர்கோடு போட்டு வைத்திருந்தோம். அவரே கூட்டிப் போய், மாடு தண்ணித்தொட்டிக்குப் போய்ப் போய் ஏற்கெனவே புல் மடிந்த வேலியோரத் தடத்தைக் காட்டினார். கொஞ்சம் சுற்றுத்தான், ஆனால் அது காலுக்குக் கெட்டியாக இருந்தது, நேர்கோட்டில் இருந்த எலிவளைகளும் தப்பின.

அடுத்த காடு தனியாளாகப் பண்ணையம் பார்க்கிற ஒரு ஆத்தாவுடையது. அவர் கேட்டது நான் எதிர்பார்க்காத கேள்வி: "டவுன்ல இருந்து வர்றவங்க பூட்சுல பார்த்தீனியம் வெத வந்து என்ற காட்டுல மொளைச்சா யாருங் வந்து புடுங்கறது?" நியாயமான கேள்வி. பார்த்தீனிய விதை மிகச் சின்னது, சேற்றோடு சேர்ந்து காலணி அடியில் ஒட்டிக்கொண்டு எத்தனை மைல் வேண்டுமானாலும் போகும். ஒரு முறை நுழைந்துவிட்டால் புல்லை அமுக்கிவிடும், மாடு அதை ஒதுக்கிவிடும், வேறு தீவனம் இல்லாமல் தின்றால் பால் கசக்கும். அதனால் புறப்படும் இடத்தில் இரண்டு முக்காலி, நான்கு துணி துவைக்கிற பிரஷ், ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்து, காலணியின் அடியைத் தேய்த்துக் காட்டினால்தான் நம்பர் காகிதம் கொடுப்பது என்று வைத்துக்கொண்டோம். ஓட வந்தவர்கள் முதலில் முழித்தார்கள், விஷயத்தைச் சொன்னதும் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அந்த ஆத்தாவே காலையில் வந்து முக்காலி பக்கத்தில் நின்றுகொண்டு, அடியில் மண் தெரிந்தவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

இன்னொருவர் கேட்டது மாட்டைப் பற்றி. கன்று போட்ட மாடு இருக்கிற காட்டுக்குள் வண்ணச் சட்டை போட்ட கூட்டம் ஓடினால் அது பாயத்தான் செய்யும், அதில் மாட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்றைக்கு ஒரு காலைப்பொழுது மட்டும் உருப்படிகளைப் பக்கத்துக் காட்டுக்கு மாற்றி, பட்டி நாயையும் கட்டி வைப்பதாகச் சொன்னார். பதிலுக்கு நாங்கள் ஒவ்வொரு படலுக்கும் (வேலி வாசலை அடைக்கிற தட்டி) ஓர் ஆள் போட வேண்டும், கடைசி ஆள் தாண்டியதும் படலைச் சாத்திக் கட்டிவிட்டுத்தான் அவர் நகர வேண்டும். ஒருவர் மட்டும் வேண்டாம் என்றார், காரணம் கேட்கவில்லை. அதனால் தடத்தில் அரை கிலோமீட்டர் தார்ரோடு சேர்ந்துவிட்டது, ஓடியவர்கள் திட்டிய ஒரே இடம் அதுதான்.

படல் இல்லாத இடங்களில் கடவு இருக்கும், மனிதன் உடம்பை ஒடுக்கி நுழையலாம், மாடு நுழைய முடியாது. பந்தயத்துக்கு அது கழுத்து இறுகிய இடம். புறப்பட்ட கையோடு 60 பேர் கடவில் போய் முட்டினால் வரிசை கட்டி நிற்க வேண்டியதுதான். அதனால் முதல் ஒன்றரை கிலோமீட்டர் அகலமான இட்டேரியாக வருகிற மாதிரி திசையை மாற்றினோம், முதல் கடவு வருவதற்குள் கூட்டம் நூல் பிடித்த மாதிரி நீண்டுவிடும். சுற்றையும் வட்டமாகப் போடாமல் எட்டு வடிவில் போட்டோம். நடுவில் கருப்பராயன் கோயில் திடல், அங்கே ஒரே ஒரு தண்ணீர்ப் பந்தல். ஒவ்வொருவரும் சுற்றுக்கு இரண்டு முறை அதைக் கடப்பார்கள், ஆள் பலம் குறைவாக இருக்கிற பந்தயத்துக்கு இது பெரிய மிச்சம்.

தேதி பிடிப்பதில் ஒரு கூத்து. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். ஐப்பசி கார்த்திகையில் சேறு, புது மழையில் பாம்பு நடமாட்டமும் அதிகம். பங்குனிக்கு மேல் வெயில். மிச்சம் இருப்பது மார்கழி, தை, மாசி. தையில் பழனி பாதயாத்திரை போகிறவர்கள் தாராபுரம் ரோட்டை நிறைத்துவிடுவார்கள், போலீசாரும் அங்கேதான் இருப்பார்கள். எனவே தைப்பூசம் முடிந்து மாசியில் ஒரு ஞாயிறு. இதில் எதிர்பாராத லாபம் ஒன்று உண்டு: பாதயாத்திரைக்கு மோர்ப்பந்தல் போடுகிற எங்கள் ஊர் ஆட்கள் கையில் அண்டா, டம்ளர், அனுபவம் மூன்றும் சூடு ஆறாமல் இருந்தது. ஆயிரக்கணக்கில் நடந்து வருகிறவர்களுக்கு மோர் ஊற்றியவர்களுக்கு 60 பேர் ஒரு கணக்கா? எவர்சில்வர் டம்ளர்தான், பேப்பர் கப் ஒன்றுகூடக் கிடையாது, பறந்துபோய் மாடு தின்னும் பயமும் இல்லை.

அடையாளம் கட்டுவதுதான் அடுத்த பெரிய வேலை. திருப்பூர் பக்கத்திலேயே இருப்பதால் பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட் மூட்டைக் கணக்கில் கிடைக்கிறது. ஆரஞ்சும் ரோஸும் பார்த்துப் பொறுக்கி, இரண்டு விரல் அகலத்துக்குக் கீறி வைத்துக்கொண்டோம். பிளாஸ்டிக் ரிப்பனைவிட இது நல்லது, காற்றில் சடசடவென்று அடித்து மாட்டை மிரட்டாது. ஆனால் வெள்ளாடு துணியைத் தின்னும், தின்றால் வயிற்றில் அடைத்துக்கொள்ளும். பின்னங்காலில் எழுந்து நின்றால் நம் தலை உயரம் வரை அதற்கு எட்டும். அதனால் துணியை எல்லாம் கையைத் தூக்கி எட்டுகிற உயரத்தில், வெள்வேலாக் கிளையில் மட்டும்தான் கட்டினோம். கிளுவை வேலியில் கட்டவே கூடாது.

மரம் இல்லாத இடத்தில் கோலமாவில் அம்புக்குறி. பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் வேண்டாம், கண்ணில் பட்டால் எரியும், காலில் ஒட்டும். செம்மண்ணில் வெள்ளைக் கோலமாவு பளிச்சென்று தெரியும். ஆனால் தடத்தில் ஒரு கரடு, அதாவது சின்னக் கல்குன்று, வருகிறது; அந்தக் கரட்டு மேலே முழுக்க வெங்கச்சாங்கல், வெள்ளைக் கல் மேல் வெள்ளை மாவு போட்டு என்ன பிரயோஜனம், அங்கே மட்டும் நீலக் கலர்ப்பொடி. திருப்பத்தில் இரண்டு துணி, திரும்பிய பிறகு ஐம்பதடிக்குள் ஒன்று, "சரியாத்தான் வந்துருக்கற" என்று சொல்வதற்கு. போகக்கூடாத தடத்தின் வாயில் குறுக்கே ஒரு கோடு. நேராகப் போகிற இடத்தில் அடையாளம் குறைந்தாலும் பரவாயில்லை, கிளை பிரியும் இடத்தில் கஞ்சத்தனம் கூடாது.

முதல் நாள் சாயங்காலம் கட்டிய துணிகளில் ஒரு வரிசை இருட்டுவதற்குள் காணாமல் போயிருந்தது. ஆடு என்று நினைத்தோம். விசாரித்தால் அந்தப் பக்கம் காடு வைத்திருப்பவர் அவிழ்த்துப் போட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் எரிவாயுக் குழாய், உயர்மின் கோபுரம் என்று எத்தனையோ முறை ஆட்கள் வந்து கேட்காமல் அளந்து கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். விவசாயிகள் வருடக்கணக்கில் போராடியிருக்கிறார்கள். தன் காட்டோரம் கலர்த் துணி வரிசையாகத் தொங்குவதைப் பார்த்தால் அவருக்கு வேறு என்ன தோன்றும்? போய்ப் பேசினோம், சிரித்துவிட்டு மறுபடி கட்ட அவரே ஏணி கொடுத்தார். அன்றைக்கு ராத்திரியே மிச்சத் துணியில் எல்லாம் மார்க்கர் பேனாவில் "ஓட்டப் பந்தயம், ஞாயிறு மதியம் எடுத்துவிடுவோம்" என்று எழுதிவிட்டோம். கோயில் மைக்கிலும் சொல்லச் சொன்னோம்.

மருத்துவப் பக்கம் சுருக்கமாக. காவல் நிலையத்திலும் ஊராட்சியிலும் எழுத்தில் கொடுத்தோம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் தகவல் சொன்னோம். ஆம்புலன்ஸ் வண்டி எந்த இட்டேரி வரை உள்ளே வரும் என்று ஒரு வேனை ஓட்டிப் பார்த்து வரைபடத்தில் குறித்தோம், 108-க்குப் போன் போட்டால் "கருப்பராயன் கோயிலுக்கு மேற்கே" என்று சொன்னால் யாருக்குப் புரியும்? சுருட்டை விரியன் உள்ள பூமி இது, கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது, ஆளை நடக்க விடாமல் காலை அசைக்காமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது மட்டும்தான் என்று எல்லாத் தன்னார்வலர்களுக்கும் சொல்லி வைத்தோம். பாம்பைவிட எனக்குப் பயம் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. தடத்துக்குக் கிட்டத்தில் இருந்த ஒன்றைச் சுற்றிக் கயிறு கட்டி ஒரு ஆளும் போட்டோம், விடிந்து வெளிச்சம் வந்த பிறகுதான் ஓட்டம் என்று 6.30-ஐ வைத்ததற்கும் அதுதான் காரணம்.

ஓஆர்எஸ் கலக்குவதில் ஒரு விஷயம். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் போட வேண்டும். 20 லிட்டர் கேனுக்கு 20 பாக்கெட், கூடவும் கூடாது குறையவும் கூடாது. டம்ளருக்கு ஒன்று என்று கலந்தால் உப்பு ஏறி வயிற்றைப் புரட்டிவிடும். வெறும் தண்ணீரையே மடமடவென்று குடித்துக்கொண்டிருப்பதும் ஆபத்துதான், ரத்தத்தில் சோடியம் இறங்கித் தலை சுற்றும். நீர்மோரில் உப்புப் போட்டு வைத்திருந்ததைத்தான் அதிகம் பேர் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். கடலை உருண்டை, உப்புத் தடவிய எலுமிச்சைத் துண்டு, வாழைப்பழம். முடிந்ததும் அரிசிம்பருப்பு சாதம், நெய் ஊற்றி.

கடைசி நேரம் எது என்று முடிவு செய்ய நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொன்ன கணக்கு போதும்: நடப்பவருக்கு 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். எங்கள் 14-க்கு 2 மணி 48 நிமிடம், கரடு இரண்டு முறை ஏறினால் மொத்தம் 120 மீட்டர், அதற்கு 12 நிமிடம். ஆக 3 மணி நேரம், 9.30-க்கு முடிவு. முழுக்க வேகமாக நடந்தாலே முடிக்கலாம் என்பதால் யாரையும் நடுவில் இறக்க வேண்டி வரவில்லை.

நேரம் எடுத்தது என் தங்கச்சி, பள்ளிக்கூட டீச்சர். சிப், ஆண்டெனா எதுவும் வாடகைக்கு எடுக்கவில்லை. முடிகிற இடத்தில் கயிறு கட்டி ஒற்றையாளாக வருகிற மாதிரி சந்து ஒன்று. ஒருவர் போனில் ஸ்டாப்வாட்சின் லேப் பொத்தானை மட்டும் அமுக்குகிறார், எண்ணைப் பார்ப்பதே இல்லை. இன்னொருவர் வருகிற வரிசையில் நம்பர்களை மட்டும் எழுதுகிறார், நேரத்தைப் பார்ப்பதே இல்லை. கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் முடிவுப் பட்டியல் தயார். கரட்டு உச்சியில் ஒரு பையன் நோட்டில் நம்பர் குறித்துக்கொண்டே இருந்தான், குறுக்கு வழி போனவரைப் பிடிக்க என்று வெளியே சொன்னோம். உண்மையில் அது உள்ளே போன எல்லாரும் வெளியே வந்தார்களா என்று எண்ணிப் பார்க்க.

நானும் ஓடினேன். நடத்துகிறவன் ஓடலாமா என்று ஒரு வாக்குவாதமே நடந்தது. ஓடலாம், ஆனால் புறப்பட்ட பிறகு முடிவெடுக்க வேறு ஒருவர் இருக்க வேண்டும், போன் அவர் கையில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. மாப்பிள்ளையிடம் போனையும் வண்டிச் சாவியையும் கொடுத்துவிட்டுக் கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டேன். முதல் இட்டேரியில் மணலில் கால் புதைந்து கெண்டைக்கால் இழுத்தது. அதைத் தாண்டியதும் பெரியப்பா காட்டு வேலியோரம், காய்ந்த கொழுக்கட்டைப்புல் கதிர் சாக்ஸ் முழுக்க ஒட்டிக்கொண்டு குத்த ஆரம்பித்தது, அதற்குக் கணுக்காலை மூடும் துணி ஒன்று கட்டிக்கொள்வது நல்லது. கரட்டில் எல்லாரும் நடந்தோம், எனக்கு முன்னால் போனவர் ஒவ்வொரு பளபளக்கும் கல்லாகக் குனிந்து பார்த்துக்கொண்டே ஏறினார்; படியூர்ப் பக்கம் பச்சைக்கல் எடுத்த பூமி ஆயிற்றே, ஆசை விடுமா. இறக்கத்தில் வெள்வேலா முள் ஒன்று என் காலணி அடியை ஊடுருவி வந்தது. இந்த மெத்து மெத்தென்ற நுரை அடிப்பாகம் எல்லாம் நம் முள்ளுக்கு ஆகாது. கெட்டி அடி வைத்த பழைய ஷூ போட்டு வந்த ஆட்டுக்காரப் பையன்கள் மூன்று பேர் இரண்டாவது சுற்றில் என்னைத் தாண்டிப் போனார்கள். கடவு வந்தால் நாங்கள் எல்லாம் நின்று உடம்பை ஒடுக்கி நுழைகிறோம், அவர்கள் ஒரு கையை ஊன்றி ஒரே வீச்சில் அந்தப் பக்கம். 14 கிலோமீட்டர் முதல் பரிசு அந்த மூவரில் ஒருவனுக்குத்தான். பரிசு பணம் இல்லை, ஒரு மூட்டை கடலைப் புண்ணாக்கு, அவன் அதை அங்கேயே டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வைத்துக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

கடைசி ஆளோடு நடந்து வந்த இரண்டு பேர் வரும்போதே துணியை அவிழ்த்து மூட்டையில் போட்டுக்கொண்டு, படல் ஆட்களையும் அனுப்பிக்கொண்டே வந்துவிட்டார்கள். கட்டியபோது எத்தனை என்று எழுதி வைத்ததால் அவிழ்த்ததையும் எண்ணினோம். சில குறைந்தன. திரும்பப் போய்த் தேடி எடுத்தோம், ஆட்டு வயிற்றுக்குள் போய்விட்டால் யார் பதில் சொல்வது? மீதி ஓஆர்எஸ் பாக்கெட்டுகள் மோர்ப்பந்தல் ஆட்களிடம்.

அடுத்த முறை சுற்றை எதிர்த்திசையில் விடலாம் என்று தங்கச்சி சொல்கிறாள். அப்படிச் செய்தால் கரட்டில் இறக்கம் வெங்கச்சாங்கல் பக்கம் வந்துவிடும், உருண்டால் முட்டி பெயரும், நான் ஒத்துக்கொள்ளவில்லை. அது இன்னும் பேச்சில் இருக்கிறது. தேதி மட்டும் இப்போதே சொல்ல முடியாது. ஐப்பசி மழை ஏமாற்றிப் புல் குறைவாக இருந்தால் அந்த வருடம் காட்டுக்குள் ஓட்டம் கிடையாது என்று பெரியப்பாவிடம் ஒத்துக்கொண்டிருக்கிறோம், கார்த்திகை கடைசியில் அவர் காட்டைப் பார்த்துவிட்டுச் சொல்வார்.